பன்னிரண்டு பேருக்குத் தக்காளி சாதம்

பலூன் ஊதினால் காது அடைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இது பதினெட்டாவது. பம்பு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர், வாய் இருக்கும்போது பம்பு எதுக்குங்கண்ணா என்று பெரிய இவள் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். இப்போது உதடு என்னுடையது மாதிரியே இல்லை, பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி மரத்துக் கிடக்கிறது. பலூன் மேல் இருக்கிற வெள்ளை மாவு நாக்கில் கசக்கிறது. கடைசி மூச்சைத் தள்ளும்போது ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது. மணி மூன்றேகால். ஐந்தரைக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். தம்பி லோகித் பாயில் குப்புறப் படுத்துத் தூங்குகிறான், இன்றோடு அவனுக்கு ஆறு வயது, கேக் வெட்டும்போது தூங்கி வழியக் கூடாது என்று நான்தான் மிரட்டிப் படுக்க வைத்தேன். எல்லாம் நான்தான். இந்தப் பிறந்தநாளே என் ஏற்பாடு. அப்பா கேக் மட்டும் போதும் என்றார். அம்மா, கேக்கோடு ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றாள். நான்தான் இல்லை, செலவு கையைக் கடிக்காமல் ஜோராகச் செய்ய எனக்குத் தெரியும், என்னிடம் விடுங்கள் என்று மூன்று வாரமாகக் குதித்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கும்போதெல்லாம் இதேதான் யோசனை, அளவு தப்பின பீஸை நல்ல பீஸோடு அடுக்கி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். அதெல்லாம் வலிக்கவில்லை. காது அடைத்திருப்பதுகூட பலூனால் இல்லை, எனக்கே தெரியும். அரை மணி நேரம் முன்னால் சுகன்யாக்கா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாளே, அதிலிருந்துதான்.

சுகன்யாக்கா எதிர் வீடு. எங்கள் காம்பவுண்டில் இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு, நடுவில் ஒரு பொதுக் குழாய். யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் மகள் வர்ணிகாவும் லோகித்தும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அக்கா வந்து, கம்பெனியில் வெட்டிப் போட்ட துணித் துண்டுகளில் நான் வாசலில் கட்டியிருந்த தோரணத்தைத் தொட்டுப் பார்த்து, கட்டிங் வேஸ்ட்டா இது, கடையில வாங்கின மாதிரியே இருக்குது என்றாள். நிஜமாகவே பாராட்டினாள். அதுதான் மண்டையைக் குடைகிறது. முறைத்துக்கொண்டு வந்து சொல்லியிருந்தால் நானும் முறைத்திருப்பேன், கதை முடிந்திருக்கும். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சாப்பாடு என்ன என்று கேட்டாள். தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வெங்காயத் தயிர், பாக்கு மட்டைத் தட்டு, அம்மா கைச் சமையல் என்று நான் ஒப்பித்தேன். பெருமையாக ஒப்பித்தேன், கருமம். அதெல்லாம் எதுக்கு, எல்லாம் பாக்கெட்டா வாங்கிடு கண்ணு என்றாள். வேலை மிச்சம் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்து, பாக்கெட்டுன்னா செலவுங்க்கா, சமைச்சா பாதிகூட ஆகாது என்று அவளுக்கே விளக்கினேன். அவள் பார்த்த பார்வை இருக்கிறதே. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. அப்புறம் குரலை இறக்கினாள். "பிள்ளைங்க வருவாங்க, வெளையாடுவாங்க. கேக்கு கடையில வாங்கினது, அதத் தின்பாங்க. உங்கூட்டுல ஆக்கினத மட்டும் தொடக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க. நான் சொன்னேன்னு அம்மாகிட்டச் சொல்லீராத." ஏன் என்று கேட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், நிஜமாகவே ஏன் என்று கேட்டேன். அவள் மோவாயை மட்டும் எங்கள் வீட்டுக்குள்ளே காட்டினாள். மூலையில் ஸ்பீக்கர் பெட்டி இருந்தது.

பத்தொன்பது. முடிச்சுப் போட நூல் எங்கே. ஸ்பீக்கர் பெட்டியும் என் ஐடியாதான். நாற்காலியைச் சுற்றி ஓடுகிற விளையாட்டு வைத்தால் பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போடும், அதற்கு நாற்காலி வேண்டும், பாட்டு வேண்டும், வாடகைக்கு எடுத்தால் தலையில் துண்டுதான். ஊரில் காலனியில் இருக்கிற மாமா பையன் ரஞ்சித்துக்குப் போன் போட்டேன். மன்றத்துச் சாமான் புள்ளே, சும்மா எடுத்துக்கோ என்றான். ஒரு மணிக்கு டெம்போவில் கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை, குழாயடி முழுக்கத் துணி துவைக்கிறவர்கள். அவர்கள் நடுவில், கொஞ்சம் தள்ளிக்கங்க தள்ளிக்கங்க என்று சத்தம் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் ரஞ்சித், அந்தப் பெட்டியைத் தூக்கி வந்தோம். பெட்டி நெற்றியில் வெள்ளைப் பெயிண்டில் எங்கள் ஊர்ப் பெயர், அதற்குக் கீழே காலனி இளைஞர் நற்பணி மன்றம். முழ நீளத்துக்கு எழுத்து. நாற்காலி முதுகு ஒவ்வொன்றிலும் அதேதான். எனக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், என் சடங்குக்கு அதே நாற்காலி, தாத்தா செத்ததுக்கும் அதே நாற்காலி. இந்தக் காம்பவுண்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வீடு கேட்டு வந்த அன்றைக்கு எந்த ஊர் என்று வீட்டுக்காரர் கேட்டபோது அப்பா பக்கத்து டவுன் பெயரைச் சொன்னார். மூன்று வருஷமாக வீட்டில் யாரும் காலனி என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னதில்லை. யாரும் சொல்லாதே என்று என்னிடம் சொன்னதும் இல்லை. சொல்லாததைச் சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டுமாம், நான் என்ன ஜோசியக்காரியா. அம்மா வாசலுக்கு வந்து பெட்டியைப் பார்த்தாள். உள்ளே போனாள். பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டு நாலு பக்கமும் இழுத்துவிட்டாள். தூசி அடையும் என்றாள். நாற்காலிகளை முதுகு சுவரைப் பார்க்கிற மாதிரி நெருக்கி நிறுத்தினாள். பிள்ளைகள் எப்படி ஓடுவார்கள், இடம் பத்தாதே என்று நான் கத்தினேன். அவளிடம் கத்தினேன். தூசியாம், நம்பிவிட்டேன்.

சாதி எனக்குத் தெரியாதா என்ன. தெரியும். பிளஸ் ஒன்னில் பாதியோடு நின்றவள்தான், கெமிஸ்ட்ரி புரியவில்லை, புரியாததைப் புரிந்த மாதிரி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது, எழுந்து வந்துவிட்டேன், அதற்காக முட்டாள் இல்லை. பாடப்புத்தகத்தின் முன் பக்கத்தில் மூன்று வரி போட்டிருக்குமே, அதைப் பத்து வருஷம் பார்த்திருக்கிறேன். ஊரில் அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று கோடு போட்டு வைத்திருந்தது, கண்ணுக்குத் தெரியும், எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்கே தெரியும். இங்கே எந்தக் கோடும் இல்லை. ஒரே குழாய். ஒரே கக்கூஸ் வரிசை. ஒரே கம்பெனி பஸ். கம்பெனியில் என் டிபன் டப்பாவைத் திறந்தால் நான் சாப்பிட எனக்கே மிச்சம் இருக்காது, அஞ்சு கை பாயும். அதனால் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நிஜமாக அப்படித்தான் நினைத்தேன், கிழடுகளோடு முடிந்துபோன சமாச்சாரம் என்று. சுகன்யாக்காவுக்கு இருபத்தெட்டு வயசு. போனில் வீடியோ பார்த்து எனக்குப் புருவம் திருத்திவிடுகிறவள். அப்புறம் வர்ணிகா. அவள் தினமும் லோகித் டப்பாவில்தான் சாப்பிடுகிறாள், அவள் இட்லி இவனுக்கு, இவன் தக்காளி சாதம் அவளுக்கு. தக்காளி சாதம் வேண்டும் என்று லோகித் அடம் பிடித்ததே அவளுக்குப் பிடிக்கும் என்பதால்தான். அக்காவுக்கு அது தெரியுமா. தெரிந்தால் நாளைக்கு டப்பாவை மாற்றக் கூடாது என்று அந்தப் பிள்ளையின் தொடையில் கிள்ளுவாளா. அப்புறம் அந்தக் கஞ்சி. போன ஐப்பசியில் அக்காவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்தபோது அம்மா ஐந்து நாள் கஞ்சி வைத்துத் தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பினாள், நான்தான் கொண்டுபோனேன், தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டினேன். குடித்தாள். கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அவள் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன், அது கனவா, வேறு யாராவதா.

இருபத்து மூன்றா நான்கா. எண்ணிக்கை போய்விட்டது. ஒரு சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் உருட்டிப் பார்க்கத் தோன்றுகிறது, பீஸ் பீஸாக, வெளிச்சத்தில் பிடித்து. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் ஏதாவது வந்தால் காலிக் கிண்ணமாகத் திருப்பித் தரக் கூடாது என்பாள் அம்மா. ஆனால் அதில் என்ன வைப்பாள். வாழைப்பழம். சர்க்கரை. ஒரு தடவை நாலு எலுமிச்சம்பழம். வீட்டில் பொங்கல் வைத்த அன்றைக்குக்கூடப் பொங்கல் வைக்கவில்லை, கடையில் வாங்கின மிக்சரைப் பிரித்து வைத்தாள். பிரிக்காமல் கொடும்மா, கிண்ணம் வழியுது என்றேன், அப்போது பாக்கெட்டோடு கொடுத்தாள். சந்தோஷமாகக் கொடுத்தாள். மூன்று வருஷம். ஒரு தடவைகூட வேகவைத்ததை அவள் தானாகக் கொடுக்கவில்லை, அந்தக் கஞ்சி ஒன்றைத் தவிர, அது உயிர்ப் பிரச்சினை. அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது. நான் எழுந்து போய் அந்தப் போர்வையை உருவினேன். வெள்ளை எழுத்து பளீரென்று நின்றது, வாசல் திறந்திருக்கிறது, குழாயடியில் யாரோ குடம் நிரப்புகிறார்கள், நிரம்பி வழிகிற சத்தம் கேட்கிறது, நிறுத்தாமல் இங்கே பார்க்கிறார்கள் என்று தோன்றியது. பார்க்கட்டுமே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கை போர்வையை எடுத்துத் திரும்பப் போட்டது. என் கைதான். நாலு பக்கமும் இழுத்துவேறு விட்டது. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அதுதான் கொடுமை. அப்பாவையும் அம்மாவையும் பயந்தாங்கொள்ளி என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்.

ஒரு பலூன் வெடித்தது. என் கையிலேயே வெடித்தது, ரப்பர் துணுக்கு கன்னத்தில் சுளீரென்று அடித்தது. லோகித் புரண்டு படுத்தான், எழவில்லை. தக்காளி வதங்கும் வாசம் வந்தது. சமையலறை என்றால் ஒரு தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான், ஆனால் ஒரு மணியிலிருந்து நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சமைக்கிற வாசம் இவ்வளவு சின்னதாக இருக்குமா. போனேன். அடுப்பில் எங்கள் தினப்படிப் பாத்திரம் இருந்தது. நாலு பேருக்கு ஆக்குகிற பாத்திரம். மூடியைத் தூக்கினேன், நாலு பேருக்கு உண்டானதுதான் உள்ளே இருந்தது, வெந்து இறக்கப் போகிற பதம். பெரிய குண்டா பரணில் கவிழ்த்தபடியே இருந்தது, நேற்றே இறக்கிக் கழுவி வைக்கச் சொல்லியிருந்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வெங்காயம். குண்டா எங்கே என்று கேட்டேன், இவ்வளவு யாருக்குப் பத்தும் என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை. அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாளாம், சாயப்பட்டறை வேலை முடிந்து கேக் வாங்கிக்கொண்டு வரும்போது பன்னிரண்டு சிப்ஸ் பாக்கெட்டும் பன்னிரண்டு ஜூஸும் வாங்கி வருவாராம், இந்தச் சோறு நமக்காம். யார் வந்து சொன்னது உனக்கு என்றேன். யாரும் சொல்லவில்லை, பெட்டி வந்தது, அரிசியைக் குறைத்துப் போட்டேன் என்றாள். பெட்டி வந்தது, அரிசியைக் குறைத்துப் போட்டேன். மழை வந்தது, துணியை எடுத்தேன் என்கிற மாதிரி.

அப்படியானால் மூன்று வாரம் ஏன் என்னைக் குதிக்க விட்டாள். கேட்டேன், சத்தம் வெளியே போகாமல் கேட்டேன், அதற்குள் நானும் சத்தத்தைக் குறைக்கப் பழகிவிட்டேன் பாருங்கள். பெட்டி வராமல் இருந்தால் நடந்துவிடும் என்று நினைத்தாளாம். எல்லாரும் சாப்பிட்டிருப்பார்கள், நல்லாருக்குதுங்கக்கா என்று சொல்லியிருப்பார்கள், நீயும் ஆசைப்பட்டாய் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் நான்தான். இனாமாக வருகிறதே என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று வருஷத்தை நடு வாசலில் இறக்கி வைத்தவள் நான்தான். ஆனால் அது எப்படி நானாகும். அதே அரிசி, அதே தக்காளி, அதே அம்மா, பெட்டியில் என்ன எழுதியிருந்தால் என்ன. தெரியாமல் தின்றால் ருசி, தெரிந்து தின்றால் என்ன, விஷமா. சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து இடிக்கிறது, மேலே போக மாட்டேன் என்கிறது. நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். குண்டாவை இறக்கினேன். உள்ளே பல்லி முட்டை ஓடு ஒன்று கிடந்தது, தட்டிவிட்டுக் கழுவ ஆரம்பித்தேன். வீணாப் போகும்டி மோனிஷா என்றாள் அம்மா. போகட்டும், நாலு நாளைக்கு நாமே தின்போம் என்றேன். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். "நெரம்பின தட்டு அப்படியே திரும்பி வர்றத நான் எட்டு வயசுல பாத்துட்டேன். அவன் ஆறு வயசுல பாக்க வேண்டாம்." எங்கே, யார் வீட்டில், யார் வைத்த தட்டு, எதுவும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. என் அம்மாவுக்கு எட்டு வயசு இருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நான் கழுவி முடித்துக் குண்டாவை அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அரிசி டின்னைத் திறந்து அரைப் படி போட்டாள், இரண்டாவது அரையும் போட்டாள், மூடப் போனவள் திரும்பக் கால் படி போட்டாள்.

சுகன்யாக்கா வீட்டுக்கு நான் யோசித்துப் போகவில்லை. கால் போனது. மணி நாலரை இருக்கும். அக்கா தரையில் உட்கார்ந்து வர்ணிகாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், வர்ணிகா ஏற்கெனவே ரோஸ் கவுன் போட்டுத் தயாராகிவிட்டாள், மடியில் பேப்பர் சுற்றின ஏதோ ஒன்று. உள்ளே என்னன்னு நான் சொல்ல மாட்டேனே என்றாள் என்னைப் பார்த்ததும். வண்ணப் பென்சில் என்று பேப்பர் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அக்கா வா கண்ணு, வேலையெல்லாம் ஆச்சா என்றாள், அதே முகம், அதே கண்ணு. நான் சண்டைக்குப் போகவில்லை, அது என்ன என்று தெரிந்துகொள்ளப் போனேன், ஒரு விடை வேண்டும், கெமிஸ்ட்ரி மாதிரி புரியாமல் எழுந்து வர முடியாது. டெங்கு வந்தபோது ஐந்து நாள் கஞ்சி குடித்தீர்களே அக்கா என்றேன். ஆமா கண்ணு, மறப்பேனா, உங்கம்மா மட்டும் இல்லைன்னா நான் ஏது என்றாள். கண்கூடக் கலங்கியது, நடிப்பு இல்லை, சத்தியமாக நடிப்பு இல்லை. அதுவும் எங்க வீட்டில் ஆக்கியதுதானே என்றேன். அவள் ஹேர்பின்னைப் பல்லில் வைத்துப் பிரித்தாள், பிள்ளை தலையில் குத்தினாள், பின்னல் கோணலாக இருக்கிறதா என்று தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்ல கண்ணு."

அவ்வளவுதான். மழை வருமா என்று கேட்டால் சொல்கிற குரல். என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை, மன்னிப்புக் கேட்கிற மாதிரிகூட இருந்தது, ஆனால் எதற்கு மன்னிப்பு, குடித்ததற்கா, இனிமேல் குடிக்காததற்கா. தனக்கு இதிலெல்லாம் ஒன்றும் இல்லை, வர்ணிகா அப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டில் ரகளை, மற்ற வீட்டுக்காரர்கள் வேறு என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனாள், எனக்குப் பாதி கேட்கவில்லை, காது அடைத்திருந்தது. "அப்ப வர்ணிகாவ அனுப்ப வேண்டாங்க்கா" என்று ஒரு குரல் சொன்னது. என் குரல். வர்ணிகா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பேப்பர் சுற்றினதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைங்க மேல கோவத்தக் காட்டாத மோனி என்றாள் அக்கா. இவ்வளவு நேரம் பேசியதில் அது ஒன்றுதான் சரியான பேச்சு, அதுதான் எரிந்தது. திரும்பி நடந்தேன். அவள் வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் பதினைந்து எட்டு வைக்கிற தூரம்கூட இருக்காது. அதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று வாரமாக லோகித் கேட்டது பலூன் இல்லை, கேக் இல்லை, பாட்டுப் பெட்டி இல்லை. தினமும் ராத்திரி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான், வர்ணிகா வருவால்ல. வருவாடா என்று தினமும் நான்தான் சொன்னேன். அவளை இப்போது நானே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன். சோற்றைத் தொடாமல் பிள்ளைகள் கேக் தின்றுவிட்டு ஓடியிருந்தால் அவனுக்கு அது தெரிந்தேகூட இருக்காது. ஆறு வயசு. சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தால் குதித்திருப்பான். என் ரோஷத்துக்கு அவன் பிறந்தநாளை எடுத்துக் கொடுத்துவிட்டேனா. திரும்பிப் போய், இல்லைங்க்கா அனுப்புங்க, பாக்கெட்டே தருகிறோம் என்று சொல்லலாம். நின்றேன். குழாயடியில், ஈரத்தில், செருப்பு வழுக்க நின்றேன். போக முடியவில்லை. எந்தப் பக்கமும் போக முடியவில்லை. சரி எது என்று யாராவது வந்து ஒரு அறை விட்டுச் சொன்னால் தேவலை.

வீட்டுக்குள் போனால் அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். பலூன்களைக் காலால் தள்ளிவிட்டு, பாக்கு மட்டைத் தட்டுகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான், பன்னிரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறாமல், கையை முழம் போட்டு இடைவெளி பார்த்து. அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றை மட்டும் ஒட்டி வைத்தான், இது வர்ணிகாவுக்கு என்றான். பெரிய குண்டா அடுப்பில் ஏறியிருந்தது, இறக்கி வைத்த சின்னப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். சொல்லாதே என்று கண்ணால் சொன்னாள். அவள் சொல்வது சரி. ஏதாவது ஒரு பொய், காய்ச்சல், மாமா வீடு, எத்தனை பொய் இருக்கிறது. ஆனால் நான் சொல்கிற பொய்யைத்தான் நாளைக்கு அவன் பெஞ்சில் போய் வர்ணிகாவிடம் கேட்பான், அவள் உண்மையைச் சொல்வாள். அவளிடமிருந்து அவன் தெரிந்துகொள்வதா. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன், வர்ணிகா வரலடா, நம்ம வீட்டுச் சோத்த அவங்க வீட்ல சாப்பிடக் கூடாதாம் என்றேன். சொல்லிவிட்டேன். அவன் கையில் ஒரு தட்டோடு என்னைப் பார்த்தான். யோசித்தான், நெற்றியெல்லாம் சுருக்கி, இரண்டும் மூன்றும் கூட்டுகிற மாதிரி யோசித்தான்.

"காரமா?"

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இருமலா, எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை. அவன் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, எழுந்து நேராக அவளிடம் போனான், காரம் ஜாஸ்தி போட்டியாம்மா, அதான் வேண்டாங்கறாங்க என்று குற்றம் சாட்டினான். இல்ல சாமி, போடலியே என்றாள். அப்படியானால் காட்டு என்று வாயைத் திறந்தான். அவள் சின்னப் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்தாள், உள்ளங்கையில் போட்டு ஊதினாள், ரொம்ப நேரம் ஊதினாள், ஒரு கவளம் உருட்டி அவன் வாயில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான், முழுங்கினான், நாக்கை நீட்டிக் காற்று வாங்கிப் பார்த்தான். காரமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னான். சொன்னவன் ஓடிவிட்டான். நான் எழுவதற்குள் வாசலைத் தாண்டி, வெறுங்காலோடு, குழாய் மேடை மேல் ஏறி நின்றான், வாயோரத்தில் ஒரு பருக்கையோடு. எட்டு வீட்டுக்கும் நடுவில் நின்றான். எல்லா வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. "வர்ணிகா, காரமே இல்ல. நான் தின்னு பாத்துட்டேன். எல்லாரும் வாங்க, காரமே இல்ல." எனக்கு ஓடிப்போய் வாயைப் பொத்தி, அப்படியே அள்ளிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்த வேண்டும், போர்வை போட்ட மாதிரி. ஓர் அடி வைத்தேன். பின்னாலிருந்து என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள், தக்காளிப் பிசுக்கு ஒட்டின கை, இறுக்கிப் பிடித்தது. "வுடு" என்றாள் அம்மா. "சொல்லட்டும்." எதிர் வீட்டில் டி.வி. சத்தம் சட்டென்று நின்றது. அதற்குப் பக்கத்து வீட்டிலும் நின்றது. கதவு எதுவும் திறக்கவில்லை. அவன் ஒவ்வொரு வாசலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், யாருக்கும் காதில் விழவில்லை போல என்று நினைத்திருப்பான், இன்னும் சத்தமாகச் சொல்வதற்காக நெஞ்சு விரிய மூச்சை இழுத்தான்.